பரிவை அளக்க ஒரு வினாத்தாள்

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் தெருநாய்ப் பிரச்சினை வெடித்தபோது, யார் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய ஒரு வினாத்தாளைத்தான் கொடுத்தேன். ஆய்வாளர் எலிசபெத் பால் 2000-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட விலங்குப் பரிவு அளவுகோல் (Animal Empathy Scale) அது; அதில் 22 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும், முற்றிலும் மறுப்பது முதல் முற்றிலும் ஏற்பது வரை 9 படிகள். தமிழாக்கியதை இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். பெயர் கேட்காதீர்கள்.

பாதி வாக்கியங்கள் பரிவின்மையைச் சொல்பவை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்ப வேண்டும்: 9 என்றால் 1, 8 என்றால் 2. இதை மறந்தால் கணக்கே பாழ். பிறகு கூட்டுங்கள், 22 முதல் 198 வரை வரும்; கூடக் கூடப் பரிவு அதிகம்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவசரப்படுத்தாமல். காவலாளி ஐயா எல்லாவற்றுக்கும் நடுவில், 5 என்றே சொன்னார். ஆனால் மே வெயிலில் மோட்டார் அறை நிழலில் காக்கைகளுக்கு மண்சட்டியில் தண்ணீர் நிரப்புபவர் அவர்தான். இப்படிக் கண்ணில் படுவதையும் தனித்தாளில் குறித்துவையுங்கள்.