சுவரில் ஓதமா? பெயின்ற் வாளியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

ரொறன்ரோவில் இருக்கும் சித்தி போன மாதம் அழைத்து, "பேஸ்மென்றுக்குள்ள தண்ணி வந்திட்டுது" என்று அரை மணி நேரம் புலம்பினார். நிலத்துக்குக் கீழே அறை கட்டினால் தண்ணீர் வராமல் என்ன செய்யும் என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. வன்னியில் யார் நிலவறை கட்டுகிறார்கள்? ஆனால் கார்த்திகை பிறந்தால் எங்கள் சுவரிலும் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறும். இரண்டு வீட்டுக்கும் வருத்தம் ஒன்றுதான்: கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் போக வழியில்லாமல் அத்திவாரத்தடியில் நிற்கின்றன.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நிலத்தையொட்டி ஒரே மட்டத்தில் கோடு போட்ட மாதிரி ஈரம், அதன் மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது கீழிருந்து ஏறும் ஓதம். மழை பெய்த பிறகு மட்டும் சுவரின் நடுவிலோ ஜன்னலடியிலோ திட்டுத் திட்டாகத் தெரிந்தால் கூரையையும் ஜன்னல் விளிம்பையும் பாருங்கள்.

நிலத்தில் சந்தேகம் என்றால் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை விரித்து, நாலு ஓரத்தையும் ரேப்பால் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்தாலே பாதி குறையும்.

கூரைத் தண்ணீர்

ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை கொட்டினால் 5,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி ஐந்தை அத்திவாரத்தடியில் கவிழ்த்த கணக்கு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்தால் ஒரு நாளில் அவ்வளவு பெய்வது எங்களுக்குப் புதிதில்லை.

ஆகவே கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தப் பீலி போடுங்கள். இருக்கிற பீலியிலும் ஐப்பசிக்கு முன் வேப்பஞ்சருகை அள்ளுங்கள். இறங்கு குழாயின் வாய் சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். சித்தியும் கடைசியில் செய்தது குழாயை நீட்டியதுதான்.

முற்றத்தின் சரிவு

இங்கேதான் நான் சறுக்கினேன். முற்றத்தில் தண்ணீர் நிற்கிறதென்று மூன்று உழவு இயந்திரப் பெட்டி கிறவல் பறித்து, சுவரோடு அணைத்துப் பரவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அத்திவாரத்தின் மேல், செங்கல் தொடங்கும் இடத்தில் மேசன் தார் பூசிய கறுப்புக் கோடு ஒன்று இருக்குமே, கீழ் ஈரம் மேலே ஏறாமல் தடுப்பது, அதை நான் மண்ணுக்குள் புதைத்துவிட்டேன். ஈரம் கோட்டுக்கு மேலாலேயே சுவருக்குள் போனது. அடுத்த மாரிக்குக் கதவு நிலையும் ஊறிக் கறையான் பிடித்தது. பிறகு மண்வெட்டியும் கடகமுமாக நானே எல்லாவற்றையும் அள்ளினேன்.

உங்கள் வீட்டில் அந்தக் கோட்டைத் தேடிப் பிடியுங்கள். அதற்குக் கீழே ஆறு அங்குலமாவது சுவர் வெளியே தெரிய வேண்டும். அங்கிருந்து பத்தடி தூரத்துக்கு ஆறு அங்குலம் சரிவு போதும். கண்ணை நம்பாதீர்கள். ஊடு தெரியும் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியைச் சுவரிலும் மற்றதைப் பத்தடி தள்ளி நட்ட தடியிலும் பிடித்து, இரண்டு பக்கமும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து நிலம் வரை அளவுங்கள். தடியடியில் ஆறு அங்குலம் கூடுதலாக வர வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய்யாகும்.

வாய்க்கால்

சரிவு எடுக்க இடமில்லாவிட்டால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். அத்திவாரத்தின் அடியை விட ஆழமாகப் போகக்கூடாது. எட்டடிக்கு ஓர் அங்குலம் இறக்கம் வைத்துச் சல்லி நிரப்பலாம். பக்கத்து வளவுக்குள் மட்டும் திருப்பாதீர்கள், வேலிச் சண்டையாகிவிடும். கிடங்கு வெட்டி ஊறவிடலாமே என்பார்கள். செம்மண் நிலத்தில் சரிவரும். வயற்கரைக் களியில் மாரி நடுவில் கிடங்கே ஊற்றெடுத்து நிற்கும்.

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த மாதிரி வெள்ளத்துக்கு இது எதுவும் தாங்காது. வீட்டுக்குள் தண்ணீர் வரும்போலிருந்தால், கால் நனையும் முன்பே மெயின் சுவிச்சை நிறுத்துங்கள்.

கடைசியில்தான் சுவர்

வெளி வேலை முடிந்து, பங்குனிக்குப் பிறகு வெயிலில் இதைத் தொடங்குங்கள். ஈரக்கோட்டுக்கு மேலே ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். ஈரத்தோடு தண்ணீர் புகாத பூச்சை அப்பினால், ஓதம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். புதுப் பூச்சுக்குக் கடற்கரை மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும்.

கறுப்புக் கோடே இல்லாத பழைய வீடென்றால், சுவரைத் துண்டு துண்டாக அறுத்துத் தடித்த பொலித்தீன் செருகுவார்கள். அதை நீங்களாகத் தொடாதீர்கள், கைதேர்ந்த மேசனைக் கூப்பிடுங்கள்.

கொத்திய சுவர் காய ஒரு மாதமாவது ஆகும். அப்புறம் அதே பொலித்தீன் துண்டைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். உட்பக்கம் இரண்டு நாளும் காய்ந்தே இருந்தால் பூச்சுக்கு ஆள் பிடிக்கலாம்.