ஆர்க்கிட் இலைகளைத் துடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூ உதிர்ந்த பிறகு ஃபலெனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் செடியில் பல மாதங்களுக்குக் கண்ணில் படுபவை இலைகள் மட்டுமே என்பதால், அவற்றைப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. தூசி படிந்த இலைக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறையும் என்பதால் துடைப்பது நல்லதும்கூட. ஆனால் துடைப்பது வேறு, மெருகேற்றுவது வேறு. இலையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. தூசியும் உப்புக் கறையும் நீங்கினால் அந்த மெழுகே வேண்டிய மினுமினுப்பைத் தந்துவிடும். அதற்கு மேல் நாம் பூசுவது நம் கண்ணுக்காகத்தானே தவிர, செடிக்காக அல்ல.

தேங்காய் எண்ணெய், பால், மயோனைஸ், வாழைப்பழத் தோலின் உட்புறம், கடையில் விற்கும் இலைப் பளபளப்புத் தெளிப்பான் என்று பலவற்றைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். எண்ணெய் பூசிய இலை அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிசுக்கில் முன்னைவிட அதிகமாகத் தூசி ஒட்டும், வெயில் படும் சன்னலோரமாக இருந்தால் இலை கருகவும் கூடும். ஃபலெனாப்சிஸ் இலையில் காற்றை உள்வாங்கும் நுண்துளைகள் பெரும்பாலும் அடிப்புறத்தில்தான் உள்ளன; பகலில் நீரிழப்பைத் தவிர்க்க அவற்றை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்வது இந்தச் செடியின் வழக்கம். ஆகவே அடிப்புறத்தில் எண்ணெய் தடவுவது அந்த வழியையே அடைப்பதாகும். பாலும் பழத்தோலும் விட்டுச்செல்லும் படிவு பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். இனிப்பைத் தேடி எறும்பு வரும். எறும்பு நடமாடும் செடியில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் பெருகுவதை வீட்டில் செடி வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செடியையே இழக்கச் செய்யும் தவறு ஒன்று உண்டு: இலைகளைக் கழுவிய நீரை நடுக்குருத்தில் தேங்க விடுவது. காட்டில் ஃபலெனாப்சிஸ் மரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தோ தொங்கியோ வளர்வதால், மழைநீர் இலை நுனி வழியாக வடிந்துவிடும். தொட்டியில் நிமிர்த்தி நட்ட செடியிலோ இலைகள் கூடும் இடம் ஒரு கிண்ணமாகிவிடுகிறது. அங்கே இரவெல்லாம் நீர் நின்றால் குருத்து அழுகும். இச்செடிக்கு வளரும் நுனி ஒன்றுதான் என்பதால் அது போனபின் மேலே புது இலை வராது. அடியிலிருந்து கன்று கிளம்பினால் அது அதிர்ஷ்டம். எனவே குழாயடியில் பிடித்துக் கழுவுவதைவிட ஈரத்துணியால் துடைப்பதே மேல். அதையும் காலையில் செய்ய வேண்டும். குருத்துக்குள் நீர் இறங்கிவிட்டால், டிஷ்யூ தாளின் ஒரு மூலையைத் திரி போல முறுக்கி உள்ளே விட்டால் நீர் தானாக மேலேறித் தாளை நனைப்பதைக் காணலாம். அன்றாடம் நீர் தெளிக்கப்படும் வாண்டா என்ற ஆர்க்கிட்டுக்கும் இது பொருந்தும். மாலைக்குள் அதன் இலைக் கக்கங்கள், அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்குகள், உலர்ந்திருக்க வேண்டும்.

நான்கைந்து தொட்டிகள் வைத்திருப்பவர்கள் ஒரே துணியால் எல்லாவற்றையும் வரிசையாகத் துடைப்பது அடுத்த தவறு. சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஒடோன்டோகிளாசம் வளையப்புள்ளி வைரஸ் ஆகிய இரண்டும் ஆர்க்கிட்களில் பரவலாகக் காணப்படுபவை. இவை செடியின் சாறு வழியாகத் தொற்றுகின்றன. கீறலோ முறிவோ உள்ள இலையைத் துடைத்த துணி அடுத்த செடியைத் தொட்டால் போதும். தொற்றிய செடிக்கு மருந்து கிடையாது. செடிக்கு ஒரு புதிய பஞ்சு அல்லது தாள் என்று வைத்துக்கொள்வதில் செலவு ஒன்றும் பெரிதில்லை.

ஆழ்துளைக் கிணற்று நீரால் துடைத்தால், உலர்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் மறுபடி தோன்றும். இவை சுண்ணாம்புப் படிவுகள். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. பழைய கறைக்கு ஒரு தம்ளர் நீரில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுத் துடைத்து, உடனே வெறும் நீராலும் துடைத்துவிட வேண்டும். சாற்றை அப்படியே தேய்க்கக் கூடாது. பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மாவுப்பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் பஞ்சு முனையால் தொட்டு வைப்பதற்கே உரியது.

துடைக்கும்போது ஒரு கையை இலைக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்து, அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாகத் துடைக்க வேண்டும். தாங்கலின்றி அழுத்தினால் தடித்த இலை நடுநரம்பில் முறிந்துவிடும். அடிப்புறத்தையும் அதே வேளையில் பார்த்துவிடலாம்: நடுநரம்பை ஒட்டிப் பழுப்பு நிறச் செதில்களோ, விரலில் ஒட்டும் பிசுக்கோ இருந்தால், அங்கே கவனிக்க வேண்டியது பூச்சியைத்தான்.

துடைத்த பின்னும் இலை சுருங்கித் துவண்டு மங்கலாகவே இருந்தால், குறை பெரும்பாலும் வேரில் இருக்கும். தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து, அழுத்தினால் கொழகொழவென்று நசுங்கும் பழுப்பு வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டிவிட்டு, புதிய மரப்பட்டைத் துண்டுகளில் நட வேண்டும். சுருங்கிய பழைய இலை முழுமையாக நிமிராமலே போகலாம். அடுத்து வரும் புது இலையைக் கொண்டே செடி தேறியதா என்று கணிக்க வேண்டும்.