வீட்டுப் பழுது: எதை நாமே பார்க்கலாம், எதற்கு ஆள் பிடிக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது மாதத்தைப் பொறுத்தது. நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாட்டு உறவினர் வந்து இறங்கும்போது, பெயின்ற் அடிப்பவர், மேசன், வயறிங் செய்பவர் எல்லோரும் எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றனர். ஐப்பசி மழை தொடங்கியதும் கூரை ஒழுகும் வீட்டார் அத்தனை பேரும் அதே ஓரிருவரைத்தான் அழைக்கின்றனர். எனவே எதை நாமே செய்வது, எதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவது என்பதைப் பழுது வந்த அன்று யோசிக்காமல், முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: நாம் செய்த வேலை பிழைத்தால் அது உடனே கண்ணுக்குத் தெரியுமா, தெரிந்தபின் மறுபடி கழற்றித் திருத்த முடியுமா? குழாயின் வோசரைப் பிழையாகப் போட்டால் தண்ணீர் சொட்டுவது அப்போதே தெரிந்துவிடும். சுவருக்குள் போகும் குழாய்ப் பொருத்து பிழைத்தாலோ, பூச்சு ஊறி உதிரத் தொடங்கிய பின்புதான் விடயம் வெளிவரும். மின்சாரத்திலும் உயரத்திலும் நேரும் பிழை, திருத்துவதற்கு அவகாசமே தராது.

நாமே செய்யக்கூடிய வேலைகளில் முதலிடம் சொட்டும் குழாய்க்குத்தான். குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் கிணற்றுநீர் கடினநீராகவே கிடைக்கிறது. குழாயின் உள்ளேயும் ஷவரின் துளைகளிலும் வெள்ளைப் படிவு ஏறுவதற்கு அதுவே காரணம். தாங்கியிலிருந்து வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வெளியேற்றிய பின்னர், தலைப்பகுதியை ஸ்பனரால் கழற்ற வேண்டும். படிவு இறுக்கியிருந்தால் பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது. பழைய பித்தளைக் குழாய் சுவரோடு முறிந்தால் சிறிய வேலை மேசன் வேலையாகிவிடும். வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றிச் சில மணி நேரம் விட்டால் படிவு இளகும். அவசரத்துக்குத் தேசிக்காய்ச் சாறும் உதவும். பழைய வோசரைக் கையோடு ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். அரை அங்குலம் என்று வாயால் சொல்லி வாங்கினால் பொருந்தாமலும் போகலாம். வோசர் உட்காரும் பித்தளை விளிம்பு அரித்துப்போயிருந்தால் புதிய வோசரும் நிற்காது, குழாயையே மாற்ற வேண்டும். ஷவர்த் தலையைக் கழற்றி இரவு முழுவதும் வினாகிரியில் ஊறவைத்தால் புதியது வாங்கும் செலவு மிஞ்சும்.

அடுத்தது தண்ணீர் மோட்டர். இதில்தான் வீட்டார் தேவையில்லாமல் அதிகம் செலவழிக்கின்றனர் என்பது என் எண்ணம். மோட்டர் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால், முதலில் சுவிட்சை நிறுத்திப் பிளக்கையும் கழற்றிவிட்டு, பம்பின் மேலுள்ள மூடியைத் திறந்து வாய் நிரம்பத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கினால், கிணற்றுக்குள் உறிஞ்சும் குழாயின் அடியில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில் கல் அல்லது பாசி சிக்கியிருக்கலாம், அல்லது உறிஞ்சும் குழாயில் எங்கோ கசிவு இருக்கலாம். தண்ணீர் இறங்காமல் நின்றும் ஏறவில்லை என்றால், ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, பம்பிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். மேலே வைத்து உறிஞ்சும் பம்ப் நடைமுறையில் ஏறத்தாழ 25 அடிக்கு மேல் ஆழத்திலிருந்து தண்ணீரை இழுக்காது; ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும்போது இந்த எல்லையைத் தாண்டிவிடுவது உண்டு. அப்போது பழுது பம்பில் இல்லை, அதைக் கழற்றிக் கொண்டுபோவதில் பயனும் இல்லை. தண்ணீர் இல்லாமல் தொடர்ந்து ஓடவிட்டால் உள்ளே இருக்கும் சீல் கருகும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் அதோடு உங்கள் வேலை முடிந்தது. பெரும்பாலும் அது கப்பாசிற்றர்ப் பழுதாக இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்பும் கப்பாசிற்றரில் மின் தேங்கி நிற்கக்கூடும் என்பதால் அதைத் தொழில் தெரிந்தவரே தொட வேண்டும்.

கிணற்றுக்குள் இறங்கும் வேலையையும் நாமே செய்யக் கூடாது. மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் காபனோரொட்சைட்டு தேங்கி, மணமே தெரியாமல் உயிரைக் கொல்லும். மலசலகூடக் குழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மின்சாரத்தில் வீட்டார் செய்யக்கூடியது, எதையும் திறக்காமல் பழுதின் இடத்தைக் கண்டுபிடிப்பது. மின் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் மற்ற எல்லாச் சிறு சுவிட்சுகளையும் கீழே இறக்கி, ட்ரிப்பை உயர்த்தி, ஒவ்வொன்றாக மேலே போடுங்கள். எதைப் போடும்போது ட்ரிப் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. மாரி காலத்தில் அது பெரும்பாலும் வெளிச்சுவர் விளக்காகவோ மோட்டர்ப் பாதையாகவோ இருக்கும். அந்தப் பாதையை இறக்கியே வைத்துவிட்டு வயறிங் செய்பவரை அழையுங்கள். ட்ரிப்பில் உள்ள சோதனைப் பொத்தானை அமத்தியும் அது விழாவிட்டால், அன்றே ஆள் பிடிக்க வேண்டும். ‘ட்ரிப் தொந்தரவு செய்கிறது, நேரடியாகக் கொடுத்துவிடலாம்’ என்று சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். மீற்றருக்கு முன்னால் உள்ளதும் அதன் சீலும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு உரியவை. அங்கே பழுது என்றால் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதே வழி.

கூரையில், விறாந்தையின் தாழ்ந்த பகுதியில் ஓடு விலகியிருந்தால் அதை உள்ளிருந்தே ஏணியில் நின்று மேலே தள்ளிச் சரிசெய்யலாம். ஓட்டின் கொளுக்கி, ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பையில் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கூரையின் மேல் ஏறுவது வேறு வேலை. கூரையைத் தாங்கும் பனஞ்சிலாகையில் திருப்புளியால் குத்தும்போது அது மெத்தென்று உள்ளே இறங்கினால் கறையான் தின்றிருக்கிறது என்று பொருள். தச்சரை அழைக்காமல் எவரையும் மேலே ஏற்றாதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டுவதும் துளையிடுவதும் உரஞ்சுவதும் நுரையீரலுக்குக் கேடான தூசியை எழுப்பும். பருத்தித்துறை, குருநகர் போன்ற கரையோர இடங்களில் தட்டுக் கூரையின் அடியில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற் உதிர்ந்தால், சீமெந்து பூசி மறைப்பது பழுதை உள்ளே வளர்ப்பதாகும்.

ஆளை அழைக்கும்போது ‘மோட்டர் பழுது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். “அண்ணை, மோட்டர் ஓடுது, தண்ணி ஏறேல்லை, மேல ஊத்தினா இறங்கிப் போகுது” என்று சொன்னால், அவர் ஃபுட் வால்வைக் கையோடு கொண்டுவருவார். இரண்டாம் முறை வந்துபோகும் கூலி மிஞ்சும்.

கூலி பேசுவதில் இரு வழிகள் உண்டு. வேலையின் அளவு தெளிவாகத் தெரிந்தால் கொந்தராத்து நல்லது. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்ற பழைய வீட்டு வேலைக்கு நாட்கூலியே நியாயம். அதைக் கொந்தராத்தாகப் பேசினால், ஆள் முன்னெச்சரிக்கையாகக் கூட்டிச் சொல்வார் அல்லது இடையில் குறுக்குவழி தேடுவார். சாப்பாடு யாருடையது, உதவியாளின் கூலி சேர்ந்ததா என்பதையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். மனக்கசப்பு பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை, ஆயினும் அவர் ஊரில் முன்பு செய்த ஒரு வேலையை நேரில் போய்ப் பார்ப்பதே கூடுதலாகச் சொல்லும். சாமான்களை அவர் தரும் பட்டியலின்படி நீங்களே வாங்கிப் பில்லை வைத்திருங்கள். முற்பணம் கேட்டால் சாமான் செலவுக்கு மேல் கொடுக்காமல், வேலை நகர நகரக் கொடுங்கள். கூரை வேலையில் ஒரு பகுதியை முதல் மழை பெய்யும்வரை நிறுத்திவைப்பதாக ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் எவரும் கோபிப்பதில்லை.

சுவரை வெட்டிக் குழாயோ வயரோ பதித்திருந்தால், மேசன் பூசி மூடுவதற்கு முன், பக்கத்தில் அளவுநாடாவை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துவையுங்கள். வீடு வெளிநாட்டில் இருப்பவருடையதாக இருந்தால், பில்லோடு சேர்த்து அந்தப் படத்தையும் அவருக்கு அனுப்பிவிட வேண்டும்.