கார் பேட்டரி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. அலுவலக அவசரத்தில் பேட்டரி கடைக்குப் போன் போட்டு, அவர்கள் கொண்டுவருவதை மாட்டிக்கொள்கிறோம். தவறுகள் பெரும்பாலும் இந்த அரைமணி நேரத்தில்தான் நடக்கின்றன.

முதல் தவறு, பேட்டரிதான் போய்விட்டது என்று முடிவுகட்டுவது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலோ, கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ இதே சத்தம்தான் வரும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். ஜம்ப் ஸ்டார்ட் செய்து (இன்னொரு வண்டியின் பேட்டரியோடு கேபிள் இணைத்துக் கிளப்பி), இன்ஜின் ஓடும்போது மறுபடி பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 12ஐத் தாண்டி ஏறவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அந்த நிலையில் புது பேட்டரி போட்டால் அதுவும் சீக்கிரம் படுத்துவிடும்.

அடுத்தது, "35 ஆம்பியர் ஒன்று கொடுங்க" என்று கேட்பது. அது போதாது. பழைய பேட்டரியின் மேலிருக்கும் குறியீட்டை அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 38பி20எல் (38B20L) என்றால், 38 திறனைச் சொல்கிறது. 'பி' அகலமும் உயரமும். 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து 'எல்' (L) ஆ, 'ஆர்' (R) ஆ என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிளஸ் டெர்மினல் எந்தப் பக்கம் என்பதை அதுதான் காட்டும். மாறிப்போனால் ஒயர் எட்டாது; இழுத்து, தப்பாக மாட்டிவிட்டால் ஃபியூஸும் ஆல்டர்னேட்டர் டயோடும் போய்விடும். டெர்மினலிலும் மெலிந்தது, தடித்தது என்று இரண்டு உண்டு.

சிக்னலில் தானாக அணைந்து, மறுபடி ஸ்டார்ட் ஆகும் கார் வைத்திருப்பவர்கள் விலை குறைவு என்று சாதா பேட்டரி போடவே கூடாது. ஒரு நாளில் அத்தனை முறை ஸ்டார்ட் செய்வதை அது தாங்காது. இத்தகைய கார்களுக்கென்றே இஎஃப்பி (EFB), ஏஜிஎம் (AGM) என்று இரண்டு வகை பேட்டரிகள் உண்டு. கம்பெனி இஎஃப்பி கொடுத்திருந்தால் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் போடுங்கள். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான்.

பெரிய பேட்டரி போட்டால் கூடுதல் நாள் வரும் என்று நம்புகிறோம். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது பானெட்டுக்குள் இருக்கும் வெக்கை. ஆம்பியரைக் கூட்டுவதால் அது குறையாது. டிரேயில் சரியாக உட்காராத பேட்டரி பள்ளம் மேட்டில் குலுங்கி உள்ளே தகடுகள் உதிரும், வாரண்டியும் சிக்கலாகலாம்.

தயாரிப்பு மாதத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். இரண்டு மூன்று மாதத்துக்குள் வந்ததாகக் கேளுங்கள். '60 மாத வாரண்டி' என்றால் அதில் எத்தனை மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள், எத்தனை மாதம் விலையில் தள்ளுபடி மட்டும் என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பழைய பேட்டரியை அதே கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஈயமும் ஆசிடும் உள்ள பொருள், காயலான் கடைக்குப் போகக் கூடாது.

நீங்களே மாற்றுவதானால் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இப்படிச் செய்தால், பிளஸ்ஸை முடுக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.