ஸ்லீப் ஸ்டடிக்குப் போகும் முன்: தலைக் குளியல் முதல் ரிப்போர்ட் வரை

பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொக்குவது. இவற்றுக்கு டாக்டர் எழுதும் பரிசோதனை ஸ்லீப் ஸ்டடி: உடம்பில் வயர்கள் ஒட்டி, ஒரு ராத்திரி அங்கேயே தூங்கவைத்து, மூச்சையும் தூக்கத்தையும் பதிவு செய்வது. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கும், கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமிருந்து பெங்களூருக்கும் இதற்காகப் போகிறவர்கள் உண்டு. தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிறவர் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஊசி, வலி எதுவும் கிடையாது.

ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துப் பகலில் தூங்கிப் பழகியவர், தேதி வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

1. காலையில் தலைக்குக் குளியுங்கள்

இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தலையில் ஒட்டும் வயர்கள் மூளையிலிருந்து வரும் மைக்ரோவோல்ட் அளவு மின்சாரத்தைப் பிடிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பேஸ்ட் வழுக்கும், சிக்னல் கெடும், நடுராத்திரியில் டெக்னீஷியன் வந்து எழுப்பி மறுபடி ஒட்டுவார். தினமும் எண்ணெய் வைப்பவர் ஷாம்பூ இரண்டு முறை போட்டு அலசுங்கள். கண்டிஷனர், முகத்துக்கு க்ரீம், தலைக்குப் பூ எதுவும் வேண்டாம். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பின் ஒளி விரலை ஊடுருவ வேண்டும். அதனால் ஒரு விரலாவது நெயில் பாலிஷும் கருத்த மருதாணியும் இல்லாமல் இருக்கட்டும்.

2. பகலில்

மதியத் தூக்கம் கூடாது. மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம், மதுவும் கூடாது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வழக்கம்போலப் போடலாம். தூக்க மாத்திரை என்றால் டாக்டரைக் கேளுங்கள். ராத்திரிக் களியை அன்று ஒருநாள் விட்டுவிட்டு, ஏழு மணிக்குள் இரண்டு மூன்று இட்லியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

முழு நைட்டி வேண்டாம், நெஞ்சில் பெல்ட் கட்டச் சிரமம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் லுங்கியோ பேண்டோ வசதி. போர்வையும் பழகிய தலையணையும் எடுத்துப் போங்கள்.

3. வயர் ஒட்டுவது

முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். தலையில், கண்ணோரத்தில், தாடையில், நெஞ்சில், இரண்டு முழங்காலுக்குக் கீழே ஒட்டுவார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பெல்ட், விரலில் கிளிப், மூக்கில் மெல்லிய குழாய். பிறகு விளக்கை அணைத்து, மைக்கில் சொல்வார்கள்: கண்ணை மூடுங்கள், இடம் வலம் பாருங்கள், பல்லைக் கடியுங்கள், குறட்டை விட்டுக் காட்டுங்கள், பாதத்தை அசையுங்கள். எல்லா வயரும் வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பது அது.

4. ராத்திரி

பாத்ரூம் போக வேண்டுமா? கூப்பிடுங்கள், எல்லா வயரும் சேரும் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுப்பார்கள். நீங்களாக எழுந்தால் வயர் பிய்ந்துவிடும். அதிகம் நழுவுவது மூக்குக் குழாய்தான். அது விலகினால் மூச்சு நின்றதா, குழாய்தான் விலகியதா என்று சொல்வது கஷ்டம்.

"இத்தனை வயரோடு தூக்கம் வராதே" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் போலத் தூக்கம் வராதுதான். அது தெரிந்துதான் கணக்கிடுகிறார்கள். ஆனால் மூன்று மணிக்கே "போதும், கழற்றுங்கள்" என்று கிளம்பாதீர்கள். கனவுத் தூக்கம் விடியற்பக்கம்தான் அதிகம் வரும், மூச்சு நிற்பதும் பலருக்கு அப்போதுதான் மோசமாகும். கொஞ்ச நேரம் மல்லாந்தும் படுங்கள்.

முதல் இரண்டு மணி நேரத் தூக்கத்திலேயே பாதிப்பு கடுமையாகத் தெரிந்தால், சில இடங்களில் பாதி ராத்திரியில் சிபாப் (மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி ஊதும் மெஷின்) மாஸ்க் மாட்டி, காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார்கள்.

5. விடிந்ததும்

பேஸ்ட் வெந்நீரில் போய்விடும். டேப் பசைக்கு இப்போது தாராளமாகத் தேங்காய் எண்ணெய் தடவலாம். பைக் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டாம்; பஸ்ஸில் வாருங்கள்.

ரிப்போர்ட்டில் முதலில் ஏஹெச்ஐ (AHI) என்ற எண்ணைப் பாருங்கள். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றதும் குறைந்ததும் தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை என்பது அது. 6 மணி நேரத் தூக்கத்தில் 120 முறை என்றால் 20. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. அதோடு ஆக்சிஜன் எவ்வளவு வரை இறங்கியது, மல்லாந்து படுத்தபோது எண் எவ்வளவு என்ற இரண்டையும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.