நாடகம் படமாகும்போது நடக்கும் தவறுகள்

ஒரே அறையில் நடக்கும் நாடகத்தைப் படமாக்க உட்கார்ந்ததும் முதலில் எழுகிற கேள்வி, 'இதை எப்படி வெளியே கொண்டுபோவது?' என்பதுதான். தெருவில் ஒரு காட்சி, காருக்குள் ஒரு காட்சி, மொட்டை மாடியில் ஒரு சண்டை என்று இடங்கள் கூடிக்கொண்டே போகும். பேச்சு மட்டும் மேடையில் பேசிய அதே பேச்சாக இருக்கும். நாடகத்தில் அந்த அறையிலிருப்பவர்கள் எழுந்து போக முடியாமல் மாட்டிக்கொண்டதால்தான் பேசியே தீரவேண்டி வந்தது. கதவைத் திறந்துவிட்டால், அவர்கள் ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்கே தோன்றிவிடும்.

ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக் இந்த வலையில் விழவில்லை. பிரெடரிக் நாட் எழுதிய 'டயல் எம் ஃபார் மர்டர்' நாடகத்தை 1954-ல் படமாக்கியபோது, கதையைப் பெரும்பாலும் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நாயகி மீதான வழக்கு விசாரணைக்குக்கூடப் பெரிய நீதிமன்ற செட் போடவில்லை. வண்ணம் மாறும் பின்னணியில் அவள் முகத்தை மட்டும் காட்டி முடித்துவிட்டார். தொலைக்காட்சி நாடகமாக இருந்த '12 ஆங்ரி மென்' கதையை 1957-ல் படமாக்கிய சிட்னி லூமெட்டும், ஜூரிகள் கூடிப் பேசும் அறையை விட்டுப் பெரும்பாலும் நகரவில்லை. படம் போகப்போக, தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் நீளமான லென்ஸுகளுக்கு மாறினார்; சுவர்கள் ஆட்களை நெருங்கி வருவதுபோல் தெரிந்தது. தொடக்கத்தில் கண்மட்டத்துக்கு மேலிருந்த கேமரா, முடிவில் கீழே இறங்கிக் கூரையையும் ஃபிரேமுக்குள் கொண்டுவந்தது. இடத்தை விரிக்காமலேயே சினிமா செய்யக்கூடிய வேலை இது.

இதற்கு நேரெதிரான தவறு, கேமராவை முதல் வரிசை நாற்காலியில் உட்கார வைப்பது. அது நாடகத்தின் பதிவு, அவ்வளவுதான்.

இந்த இரண்டையும்விட அதிகம் நடப்பதும், குறைவாகப் பேசப்படுவதும் வேறொன்று: யாரைப் பார்ப்பது என்ற விஷயம். மேடையில் எல்லோரும் எப்போதும் கண்ணெதிரே இருக்கிறார்கள். அப்பா விருந்தினரிடம் மகனைப் பற்றிப் பெருமையாக அளந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் திருடியது மூலையில் நிற்கும் அம்மாவுக்குத் தெரியும். பார்வையாளர்களில் பாதிப்பேர் அப்பாவைக் கேட்டபடி அம்மாவைத்தான் பார்ப்பார்கள். நாடகாசிரியர் அதை நம்பித்தான் அந்த வசனத்தையே எழுதியிருப்பார். படத்தில் 'பேசுகிறவருக்கு ஒரு குளோசப்' என்று வழக்கம்போல் வெட்டினால் அம்மா காணாமல் போய்விடுவாள். மிஞ்சுவது ஒரு தற்பெருமைப் பேச்சு. ஆகவே ஒவ்வொரு வசனத்துக்கும் சொல்கிற முகம் வேண்டுமா, கேட்கிற முகம் வேண்டுமா என்று படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்யவேண்டும். படத்தொகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அங்கே போய்ச் சேரும்போது அம்மாவின் ஷாட்டே எடுத்திருக்க மாட்டார்கள்.

வசனத்தைக் குறைத்தால் அது சினிமாவாகிவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. "ஏன் உன் கை நடுங்குகிறது?" என்ற வரி கடைசி வரிசைக்காக எழுதப்பட்டது, கை திரையில் தெரியும்போது அது தேவையில்லை. ஆனால் பேச்சே செயலாக இருக்கும் நாடகங்களும் உண்டு. மேடையில் பெயர்பெற்று 1954-ல் படமான 'ரத்தக்கண்ணீர்' கதையில் எம்.ஆர். ராதாவின் வாயைக் கட்டிவிட்டால் என்ன மிஞ்சும்? தகவல் சொல்லும் வரியை வெட்டலாம். எதிரிலிருப்பவரைக் குத்துகிற, கெஞ்சுகிற, ஏமாற்றுகிற வரியில் கை வைக்கும்முன் யோசிக்கவேண்டும்.

குரலையும் கையசைவையும் அடக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கைதட்டலுக்காக விடும் இடைவெளியைத்தான் மறந்துவிடுகிறார்கள். மேடையில் பலமுறை நடித்துப் பழகிய நடிகர், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த வரியைப் பேசுவார். படப்பிடிப்பில் சிரிக்க யாரும் இல்லை. அந்த இடம் வெறுமையாகப் பதிவாகிவிடும்.

மேடைக்கு வெளியே நடப்பதையெல்லாம் காட்டிவிடும் ஆசை இன்னும் ஆபத்தானது. நாடகத்தில் ஒருவர் வந்து, 'நேற்றிரவு இப்படி நடந்தது' என்கிறார். அவர் உண்மை சொல்கிறாரா என்ற சந்தேகம் நமக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை பிளாஷ்பேக்காக எடுத்துவிட்டால் சந்தேகம் போய்விடும். கேமரா காட்டியதைக் கண்ணால் கண்டதாகவே எடுத்துக்கொள்கிறோம். நாடகமாகவும் நடந்த 'எதிர்நீச்சல்' 1968-ல் படமானபோது, கே. பாலசந்தர் அந்த வீட்டில் குடியிருக்கும் இருமல் தாத்தாவின் முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை. இருமல் மட்டும்தான் கேட்கும். ஒரு ஷாட்டில் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் அவரும் குடித்தனக்காரர்களில் இன்னொருவர், அவ்வளவே.

பார்வையாளரை நோக்கிப் பேசும் தனிமொழி தனிச் சிக்கல். மேடையில் அது இயல்பு. படத்தில் அப்படியே கேமராவைப் பார்த்துப் பேசவைத்தால் சில கதைகளுக்குப் பொருந்தும், பலவற்றுக்குப் பொருந்தாது. 1948-ல் 'ஹாம்லெட்' எடுத்த லாரன்ஸ் ஒலிவியே, தனிமொழியில் ஒரு பகுதியை உதடு அசையாமல் மனக்குரலாகக் கேட்கவைத்தார். பீட்டர் ஷாஃபர் இதைவிடச் சாமர்த்தியமாகச் செய்தார் என்பேன். 1979-ல் மேடையேறிய 'அமேடியஸ்' நாடகத்தில், மொசார்ட்டைப் பார்த்துப் பொறாமைப்படும் இசையமைப்பாளர் சாலியேரி நம்மிடமே பேசுவார். மிலோஷ் ஃபோர்மன் இயக்கிய 1984 படத்துக்குத் திரைக்கதை எழுதியபோது, ஷாஃபர் சாலியேரியின் முன் ஓர் இளம் பாதிரியாரை உட்காரவைத்தார். கேட்கக் கேட்க அந்தப் பாதிரியாரின் முகம் குலைவதே ஒரு கதையாகிவிட்டது. நாடகாசிரியரே தன் நாடகத்தின் அடிப்படை உத்தியைக் கைவிட்டிருக்கிறார். 'ஒரு வரியும் மாறக்கூடாது' என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கடைசியாக, திரை விழும் இடம். நாடகாசிரியர் இடைவேளைக்கு முன் ஓர் உச்சத்தை வைத்து அங்கத்தை முடித்திருப்பார். திரும்பி வரும் கூட்டம் அமைதியாகட்டும் என்று அடுத்த அங்கத்தை மெல்லத் தொடங்கியிருப்பார். இடைவேளை இல்லாமல் ஓடும் படத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது, கதை மலையிலிருந்து சட்டென்று இறங்கி நடைபோடும். இதைச் சரிசெய்ய உச்சத்தைத் தணிக்க வேண்டியதில்லை. அடுத்த அங்கத்தின் முதல் சில பக்கங்களைத் தூக்கிவிட்டு, ஏற்கெனவே சூடுபிடித்த ஒரு வாக்குவாதத்தின் நடுவில் நுழைந்தாலே போதும்.