நக்கிள்ஸ் மலையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் புறப்படுவோர் முதலில் கேட்பது தூரத்தை. பத்து கிலோமீற்றர் என்றால் மூன்று மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டு, காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்து, ஒன்பதரைக்கு நடக்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் ஆரம்பமாகின்றன. ஈரமான காட்டில், வேரும் வழுக்குப் பாறையுமாக ஏறும் பாதையில் மணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீற்றருக்கு மேல் போக முடியாது. அதே பத்து கிலோமீற்றருக்கு ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்வது ஆறு, ஆறரைக்கு என்றாலும் மரக்கூரையின் கீழ் ஐந்தரைக்கே கால் வைக்கும் இடம் தெரியாது. ஆகவே காலை ஆறரைக்குள் நடக்கத் தொடங்க வேண்டும். உச்சி எட்டினாலும் எட்டாவிட்டாலும் நண்பகல் 12 மணிக்குத் திரும்புவது என்று புறப்படும்போதே எல்லோரும் பேசி முடிவெடுக்க வேண்டும். மேலே போனபின் பேசினால், உச்சி கண்ணுக்குத் தெரிகிற ஆசையில் யாரும் திரும்பமாட்டார்கள்.

கண்டியின் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது அடுத்த தவறு. இந்தத் தொடரின் மிக உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர். கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்குள்ள வானிலை மேலே பொருந்தாது. மலையின் இரு பக்கமும் ஒரே காலத்தில் நனைவதுமில்லை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவை அடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குப் பக்கத்தையும் ரிவஸ்டன் உச்சியையும் உலுக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயில் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டும். இந்த மாதங்களில் பிட்டவல பத்தனைபோன்ற திறந்த புல்வெளியில் மதியத்துக்குப் பிறகு நிற்கவே கூடாது, அங்கே மின்னலுக்கு உயரமாக நிற்பது நீங்கள்தான்.

வழிகாட்டி விஷயத்தில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். கைபேசியில் வழித்தடத்தை இறக்கிக்கொண்டு தாங்களே போய்விடுவது ஒன்று. இந்தக் காட்டின் கீழ்த்தளத்தில் முன்பு பரவலாக ஏலக்காய் பயிரிட்டார்கள். அந்தக் காலத்து ஒற்றையடிப் பாதைகள் இன்னமும் கிளைபிரிந்து கிடக்கின்றன. பிரதான பாதையைவிடத் தெளிவாகத் தெரிந்து, அரை கிலோமீற்றர் கூட்டிப்போய், சரிவின் விளிம்பில் முடிந்துவிடுகிற பாதைகளும் உண்டு. பனிமூட்டம் இறங்கினால் இருபது மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. இன்னொன்று, இருபது பேருக்கு ஒருவரை அமர்த்துவது. எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி, வரிசையின் கடைசியில் பாதை தெரிந்த இன்னொருவர் என்பதே பாதுகாப்பான அளவு. அமர்த்தும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பாதையில் கடைசியாக எப்போது போனீர்கள்? மழை வந்தால் எந்த ஓடையைக் கடக்க முடியாது? இடையில் ஒருவருக்குக் கால் சுளுக்கினால் எந்த வழியாக இறக்குவீர்கள்? மீமுரே என்ற மலைக்கிராமத்துப் பக்கத்து வழிகாட்டிகளுக்குச் சிங்களமே பேச்சு மொழி. தமிழ் மட்டும் தெரிந்த குழு என்றால் "நவதின்ன" (நில்லுங்கள்), "ஆபஹு யமு" (திரும்பிப் போவோம்) என்ற இரண்டையாவது எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டீன்ஸ்டன், இலுக்கும்புர நிலையங்களில் அனுமதிச்சீட்டை முறையாக எடுங்கள். நீங்கள் காட்டுக்குள் இருக்கிறீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு பதிவு.

அட்டைக்குப் பயந்து அரைக்காற்சட்டையோடு ஓடி ஓடி நடப்பவர்களைவிட, நெருக்கமாக நெய்த முழங்கால்வரை வரும் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டியவர்களுக்குக் கடி குறைவு. கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். நகத்தை அதன் வாய்க்கும் தோலுக்கும் இடையே தட்டையாக நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும்; கழுவி, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது, காய்ந்த இலை நிறத்தில் மூக்கு மேலே தூக்கிய சின்ன விரியன். சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். இலைச்சருகில் கிடந்தால் கண்ணுக்குப் படாது. இலங்கையில் பாவிக்கும் இந்திய விஷமுறிவு மருந்து இதன் விஷத்துக்கு வேலை செய்யாது. சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும். அதனால் "சின்னப் பாம்புதானே" என்று இருந்துவிடாமல் மருத்துவமனைக்குப் போய்க் கண்காணிப்பில் இருக்க வேண்டும். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், கயிறு இறுக்காதீர்கள். மரக்குற்றியில் உட்காருமுன் கோலால் தட்டிப் பாருங்கள். அம்புலன்ஸுக்கு 1990. ஆனால் காட்டின் பல இடங்களில் சிக்னல் இல்லை. கடைசியாக எங்கே சிக்னல் கிடைத்தது என்பதை ஒருவர் குறித்துக்கொண்டே வர வேண்டும்.

சைக்கிள்காரர்களின் தவறுகள் வேறு வகை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்த, கோர்பெட்ஸ் கேப் கணவாய் வழியாக மீமுரேக்கு இறங்கும் பாதைதான் பலரின் விருப்பம். நீண்ட, செங்குத்தான, உடைந்த இறக்கம் அது. இங்கே ஏறும் பலத்தைவிட பிரேக்கே முக்கியம். பிரேக் பேட்டில் தேயும் பொருள் 1 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். மழைச்சேறும் மணலும் கலந்தால் மென்மையான ஓர்கானிக் பேட் ஒரே நாளில் தேய்ந்துபோகும். உலோகக் கலவை பேட் தாக்குப்பிடிக்கும். இறக்கம் முழுவதும் பின் பிரேக்கை மட்டும் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது மிகப் பெரிய பிழை. டிஸ்க் (பேட் அழுத்திப் பிடிக்கும் உலோகத் தட்டு) சூடேறும், பிடி குறையும், பிரேக் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். வளைவுக்கு முன்பே இரண்டையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். லீவர் தளர்கிறது என்று பட்டவுடன் நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும்.

கல்லுப் பாதை என்று டயரைக் கல்லுப்போல் இறுக்கிக் காற்றடிப்பார்கள். சக்கரம் துள்ளும், தரையைப் பிடிக்காது. மிகக் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். 70 கிலோ ஆளுக்கு, டியூப் உள்ள 2.3 அங்குல டயரில் 27 முதல் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) நல்ல தொடக்கம். பின்சக்கரத்துக்கு இரண்டு கூட்டலாம். இறங்குமுன் சீற்றை ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் தாழ்த்தி, இரண்டு பெடலையும் சமமட்டத்தில் வைத்து, எடையைக் காலில் தாங்குங்கள். இரண்டு டியூப், பம்ப், செயின் இணைப்பி, செயின் வெட்டி, 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் சாவிகள், உங்கள் சைக்கிளுக்கே உரிய பின் கியர் தாங்கி (பின் கியரைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) ஆகியவை பையில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது ஒரே விழுதலில் வளைந்துவிடக்கூடியது. மலைக் கிராமத்துக் கடையில் கிடைக்காது.

இடப்பக்கமே ஓடுங்கள். குறுகிய வளைவில் ஏறிவரும் ஆட்டோவும் ஜீப்பும் நின்றால் மறுபடி எடுப்பது கடினம், அவற்றுக்கு வழிவிடுங்கள்.

காட்டின் நடைபாதைகளுக்குள் சைக்கிளை இறக்க வேண்டாம். ஈரமண்ணில் டயர் கீறும் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகி மண்ணை அரித்துப் போகும். நக்கிள்ஸ் தவிர வேறெங்கும் இல்லாத இலைமூக்கு ஓணான் பாதையோரச் செடிகளிலும் இருக்கும். படமெடுக்க அதைப் பிடித்து இடம் மாற்றாதீர்கள். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு இது. புறப்படுமுன் சப்பாத்து அடியையும் டயரையும் வீட்டிலேயே கழுவிவிடுங்கள், வெளியூர்க் களைவிதைகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். திரும்பியபின் சைக்கிளை ஓடையில் கழுவாதீர்கள். செயின் எண்ணெய் கலக்கும் அந்த நீரைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன.